கலவனை வெட்டும் முன்

கரணையும் கன்றும் கிழங்கும் குச்சியும் நட்டுப் பயிர் செய்கிற உழவர்களுக்கு,



நெல்லோ கம்போ சோளமோ விதைக்கிறவர் வயலில் ஒவ்வொரு செடியும் பூவில் உண்டான விதையிலிருந்து புதிதாகப் பிறந்தது. உங்கள் தோட்டத்தில் அப்படி இல்லை. தொட்டியத்தில் பூவன் வைத்திருப்பவரும் ஸ்ரீவைகுண்டத்தில் பூவன் வைத்திருப்பவரும் வளர்ப்பது, என்றோ எங்கோ முளைத்த ஒரே மரத்தின் துண்டுகளைத்தான். கரும்புக் கரணை, விதை மஞ்சள், மரவள்ளிக் குச்சி எல்லாவற்றுக்கும் இதே கதை. இதில் உங்களுக்கு நன்மை அதிகம். நல்ல ரகம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் பல்லாண்டுக்கு அது பிசகாமல் அப்படியே வரும். வியாபாரிக்கும் ஆலைக்கும் அதுதான் வேண்டும்.

இதன் இன்னொரு பக்கத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். என் வேலைக்காலம் முழுவதும் புது ரகம் தேடுகிறவர்களோடு கழிந்தது. அவர்களுக்கு என்றும் ஒரே குறைதான்: பொறுக்கி எடுக்க வேறுபாடு போதவில்லை. நூறு செடியும் ஒன்றுபோல நின்றால் எதை எடுப்பது, எதை விடுவது? அந்த வேறுபாட்டை உண்டாக்க அவர்கள் பட்ட பாட்டைச் சொல்லி, அதில் உங்கள் பங்கையும் கேட்டு வாங்கவே இந்த மடல். தோட்டத்தில் மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்கிற செடியைக் கலவன் என்று பார்த்த மாத்திரத்தில் வெட்டிப் போடாதீர்கள். என் வேண்டுகோள் அவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

ஒரே செடியை ஊரெல்லாம் நட்டால் ஒரே நோயில் ஊரெல்லாம் போகும். ரஸ்தாளியை வாடல் நோய் எத்தனை தோட்டங்களிலிருந்து விரட்டியது என்பதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். பழனி மலைச் சரிவில் விருப்பாட்சியை முடிக்கொத்து நோய் கொண்டுபோனது. கடலூரில் உருவான கோ.சி. 671 கரும்பைப்போலச் சர்க்கரை கட்டிய கரும்பு அதற்கு முன் அரிது. செவ்வழுகல் நோய் வந்து அதை முடித்தது. வடக்கே உத்தரப் பிரதேசத்தில் 2009இல் வெளியான கோ 0238 ரகம், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த மாநிலக் கரும்புப் பரப்பில் முக்கால் பங்குக்கு மேல் பிடித்துவிட்டது. விவசாயிக்கும் ஆலைக்கும் அள்ளிக் கொடுத்த ரகம் அது. அங்கேயும் செவ்வழுகல் வந்து சேர்ந்தது. நோய்க் காளான் ஒரு கரும்பை வெல்லப் பழகிவிட்டால், அந்த ரகம் நிற்கிற அத்தனை ஏக்கரையும் வென்ற மாதிரிதான். மாற்று ரகம் முன்கூட்டியே தயாராக இருந்தால் பிழைக்கலாம். மாற்று ரகம் வேண்டுமென்றால் முதலில் மாறுபட்ட செடி வேண்டும்.

மாறுபட்ட செடிக்கு மிகப் பழைய வழி, பூக்காததைப் பூக்க வைத்து விதை எடுப்பது. இதில் உலகத்துக்கே வழிகாட்டிய ஊர் நம் கோயம்புத்தூர் என்பதைக் கரும்பு வைக்கிற ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

கரும்பு பூப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பூவில் முளைக்கிற விதை இருக்கிறது என்பதை மட்டும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை பெரும்பாலோர் நம்பவில்லை. பார்படோஸ் தீவில் 1858இல் தானாக முளைத்த கரும்பு நாற்றுகளைக் கண்டு சொன்னார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1880களில் ஜாவாவில் சொல்ட்வெடல் என்பவரும், பார்படோஸில் ஹாரிசன், போவெல் என்ற இருவரும் அதையே திரும்பக் காட்டிய பிறகுதான் வேலை தொடங்கியது. ஆனால் கரும்பு எல்லா ஊரிலும் பூக்காது. பகலின் நீளமும் இரவின் வெப்பமும் ஒத்துவர வேண்டும். வட இந்தியாவில் பூப்பது குறைவு. பூத்தாலும் குளிரில் மகரந்தம் வீணாகிவிடும். கோயம்புத்தூரில் ஐப்பசி, கார்த்திகையில் நன்றாகப் பூக்கும். 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் அங்கே அமைந்ததற்கு இதுதான் காரணம். பார்பர் என்ற ஆங்கிலேயர் அதன் தலைவர். அவருக்குத் துணையாக இருந்து பிறகு பொறுப்பை ஏற்றவர் டி.எஸ். வெங்கட்ராமன்.

அவர்கள் செய்த காரியத்தின் துணிச்சல் இன்றைக்கும் எனக்கு வியப்புத்தான். அன்றைக்குப் பஞ்சாபிலும் கங்கைச் சமவெளியிலும் விளைந்த கரும்பு விரல் தடிமன் இருக்கும், சாறும் கொஞ்சம். தென்னாட்டுத் தடிக் கரும்பை அங்கே கொண்டுபோய் வைத்தால் குளிரும் வறட்சியும் கொன்றுவிடும். இவர்கள் ‘வெள்ளை’ என்ற இனிப்புக் கரும்பைத் தாயாக எடுத்தார்கள். தந்தையாக எடுத்தது, ஆற்றங்கரையிலும் ஓடைக்கரையிலும் வேரோடிக் கிடந்து, பிடுங்கினாலும் போகாத காட்டு நாணலை. அதில் இனிப்பு இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தக் கலப்பில் பிறந்த நாற்றுகளில் ஒன்று கோ 205 என்ற பெயரில் 1918இல் பஞ்சாபுக்குப் போனது. அங்கிருந்த நாட்டுக் கரும்பைவிடப் பாதிக்குப் பாதி கூடுதல் விளைச்சல் கொடுத்தது.

கரும்புக்கு ஒரு வினோதமான குணம் உண்டு. இனிப்புக் கரும்பில் குரோமோசோம் 80. எந்தத் தாயும் பிள்ளைக்குப் பாதியைத்தான் கொடுக்கும். இந்தக் கரும்போ காட்டு நாணலோடு சேரும்போது 80ஐயும் முழுதாகக் கொடுத்துவிடுகிறது. அதனால் இனிப்புக் கரும்போடு இரண்டு மூன்று தலைமுறை திரும்பக் கலந்தாலே சர்க்கரை மீண்டுவிடும். இன்று ஆலைக்குப் போகிற கரும்பின் மரபில் காட்டு நாணலின் பங்கு சுமார் பத்திலிருந்து இருபது சதவீதம்தான். கட்டைக் கரும்பு வேகமாகத் துளிர்ப்பதும், வேர் ஆழமாகப் போவதும், சில நோய்களைத் தாங்குவதும் பெரும்பாலும் அந்தச் சிறு பங்கின் கொடை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெல்லில் இரண்டு ரகத்தைக் கலந்தால், குணம் நிலைப்பதற்கு ஏழெட்டுத் தலைமுறை விதைத்துப் பொறுக்க வேண்டும். கரும்பில் அது தேவையில்லை. தாயும் தந்தையும் ஏற்கெனவே கலப்பாக இருப்பதால் முதல் தலைமுறை நாற்றிலேயே ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி பிறக்கும். பல்லாயிரம் நாற்றில் ஒன்று மனசுக்குப் பிடித்துவிட்டால், அதை வெட்டிக் கரணையாக்கினால் போதும். அந்தக் குணம் அப்படியே நின்றுவிடும். விதையால் வேறுபாடு, கரணையால் நிலைப்பு. ஆனாலும் ஒரு ரகம் வெளிவரப் பன்னிரண்டு, பதினான்கு ஆண்டு ஆகிறது. காரணம், அது பல ஊர் மண்ணிலும், பல நோய்களுக்கு நடுவிலும், கட்டைக் கரும்பிலும் நின்று காட்ட வேண்டும்.

கோயம்புத்தூர்க் கலப்புகள் போன தூரம் பெரிது. ஜாவாவின் பி.ஓ.ஜே. 2878 கரும்பையும் கோ 290ஐயும் சேர்த்து உருவான கோ 419 தென்னிந்தியக் கரும்பு வயல்களைப் பல காலம் ஆண்டது. இங்கே கலந்து எடுத்த விதையைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு அனுப்பினார்கள். அங்கே முளைக்க வைத்துப் பொறுக்கிய ரகம் என்.கோ. 310. 1945இல் வெளியாகித் தைவான், ஒகினாவா வரை பரவியது. ‘கோ’ என்ற எழுத்துக்குப் பின்னால் கோயம்புத்தூர் இருக்கிறது என்று தெரியாமலே உலகத்தில் எத்தனையோ பேர் அதை வளர்த்திருக்கிறார்கள்.

வாழையில் இந்த வழி கல்லில் நார் உரிக்கிற வேலை. நாம் சாப்பிடுகிற வாழை பெரும்பாலும் மூன்று தொகுதி குரோமோசோம் உள்ளது. இரண்டாகச் சமமாகப் பிரிய முடியாததால் மகரந்தமும் சரியாக உருவாகாது, விதையும் பிடிக்காது. கொட்டையில்லாமல் பழம் சாப்பிடுகிறோம் என்றால் அதற்கு விலை இந்த மலட்டுத்தன்மை. ஆனால் அடியோடு மலடு அல்ல. கொட்டையுள்ள காட்டு வாழையின் மகரந்தத்தை விடியற்காலையில் விரிந்த பெண் பூவில் தடவினால், பல தார்களுக்கு ஓரிரு விதை கிடைக்கக்கூடும். ஹோண்டுராஸ் நாட்டில் பில் ரோவ் என்ற இனப்பெருக்க விஞ்ஞானி இந்த வேலையைப் பல்லாண்டு செய்தார். பழத்தைக் குவியல் குவியலாகப் பிசைந்து, சல்லடையில் அலசி விதை தேட வேண்டும். கிடைத்த விதை மண்ணில் எளிதில் முளைக்காது. உள்ளிருக்கும் கருவை ஆய்வகத்தில் பிரித்தெடுத்துக் கண்ணாடிக் குழாயில் வளர்க்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு வந்த நல்ல ரகங்களில் ஒன்று எஃப்.எச்.ஐ.ஏ. 01, ‘கோல்டுஃபிங்கர்’ என்று பெயர். நம் பக்கத்தில் 1949இல் ஆடுதுறையில் மத்திய வாழை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. பிறகு வேளாண் பல்கலைக்கழகத்தார் கள்ளர் லாடன் வாழையைக் காட்டு வாழையோடு கலந்து, வந்ததைக் கதலியோடு மறுபடி கலந்து, விருப்பாட்சியின் மணம் வரும்படி கோ 1 வாழையை எடுத்தார்கள். ஒரு ரகத்துக்குப் பின்னால் எத்தனை விடியற்காலைகள் என்று எண்ணிப் பாருங்கள்.

மஞ்சளும் மூன்று தொகுதிப் பயிர்தான், குரோமோசோம் 63. பூக்கும், விதை அபூர்வம். அந்த அபூர்வ விதையை விடாமல் சேகரித்து முளைக்க வைத்தார்கள் கோழிக்கோட்டு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தார். பிரபா, பிரதிபா என்ற இரண்டு ரகங்கள் அப்படி விதை நாற்றிலிருந்து வந்தவை. மஞ்சள் பூவில் விதை தேடுவதை வீண் வேலை என்று சொல்லியிருந்தால் அவை இல்லை.

இனி மரவள்ளி. சேலம், நாமக்கல் பக்கம் எச் 226 குச்சி வைக்காத காடு குறைவு. திருவனந்தபுரத்துக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1971இல் வெளியிட்ட கலப்பு ரகம் அது. அதே நிலையத்திலிருந்து வந்த ‘ஸ்ரீ ஹர்ஷா’ வேறொரு வழியில் பிறந்தது. சாதாரண மரவள்ளியின் குரோமோசோமை மருந்து வைத்து இரட்டிப்பாக்கி, அந்த இரட்டிப்புச் செடியைச் சாதாரணச் செடியோடு கலந்து, மூன்று தொகுதிச் செடியாக்கினார்கள். விதைப் பயிரில் இது மலட்டுச் செடி, பயன்படாது. குச்சி நடுகிற பயிரில் மலடாக இருந்தால் என்ன? கிழங்கில் மாவு கூடினால் போதும், கூடியது.

குரோமோசோமை இரட்டிப்பாக்கும் அந்த மருந்துக்குக் கோல்சிசின் என்று பெயர். மூலனூரிலும் ஒட்டன்சத்திரத்திலும் வேதாரண்யத்திலும் பந்தல் போட்டுக் கண்வலிக்கிழங்கு வளர்க்கிற உழவர்களே, உங்கள் செங்காந்தள் விதையில் இருப்பது இந்தக் கோல்சிசின்தான். வாத மருந்துக்கு என்று வாங்கிப் போகிறார்கள். செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கிற நூல்களைக் கட்டவிடாமல் அது தடுக்கும். இரண்டு பங்கும் ஒரே செல்லில் தங்கிவிடும். கோயம்புத்தூர்க் கரும்பு நிலையத்தில் 1930களில் கரும்பை மக்காச்சோளத்தோடு கூடக் கலந்து பார்த்த ஜானகி அம்மாள், பின்னாளில் இங்கிலாந்தில் இதே கோல்சிசினை மக்னோலியா மரங்களில் பயன்படுத்தினார். அங்கே ஒரு மக்னோலியா இன்றும் அவர் பெயரில் பூக்கிறது. நம் ஊரில் அவரை அறிந்தவர்கள் இன்னும் அதிகம் இருந்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

பூவே இல்லை, விதையே இல்லை என்றால்? அப்போது கதிர். எக்ஸ் கதிரோ காமா கதிரோ கிழங்கின் முளையில், கன்றின் குருத்தில் பட்டால் மரபுப் பொருளில் அங்கங்கே முறிவு உண்டாகும். செடி அதைச் சரிசெய்யும்போது சில இடங்களில் மாற்றம் தங்கிவிடும். பெரும்பாலும் கெடுதலான மாற்றம். எப்போதோ ஒன்று நல்லது. கோ 1 மஞ்சள், ஈரோடு நாட்டு மஞ்சளில் எக்ஸ் கதிர் செலுத்திப் பொறுக்கிய ரகம். பவானிசாகரின் பி.எஸ்.ஆர். 2 ரகமும் ஈரோடு நாட்டு மஞ்சளில் தூண்டிய மாற்றத்தால் வந்தது. மலேசியாவில் கிராண்ட் நைன் வாழைக்குக் காமா கதிர் கொடுத்து, சீக்கிரம் குலை தள்ளுகிற ‘நோவாரியா’வை எடுத்தார்கள். கதிர் பட்ட செடி என்றதும் பயம் வருகிறது சிலருக்கு. செடியில் கதிர் எதுவும் தங்குவதில்லை. வெயில் பட்டுப் போன செடியில் வெயில் மிச்சமிருக்காது அல்லவா, அதுபோல.

இந்த இடத்தில் ஒரு சங்கதியை விளக்கமாகச் சொல்ல வேண்டும். உங்கள் தோட்டத்து வேலைக்கு இது நேராகப் பயன்படும். குருத்து நுனியில் செல்கள் அடுக்கு அடுக்காக இருக்கின்றன. மேல்தோல் ஓர் அடுக்கிலிருந்து வரும், உள் சதை இன்னோர் அடுக்கிலிருந்து. மாற்றம் எப்போதும் ஒரு செல்லில்தான் நடக்கும். அந்த ஒரு செல்லின் வழிவந்தவை மட்டும் மாறியிருக்கும். மற்றவை பழையபடி இருக்கும். ஒரே மரத்தில் பாதி பழசு, பாதி புதுசு. கைமீரா என்று இதைச் சொல்வார்கள். அப்படிப்பட்ட மரத்தின் ஒரு பக்கக் கன்று புதுக் குணத்தோடு வரும், இன்னொரு பக்கக் கன்று பழைய குணத்துக்கே திரும்பிவிடும். ஆராய்ச்சி நிலையங்களில் கதிர் கொடுத்த செடியைத் திரும்பத் திரும்பப் பிரித்து, மூன்று நான்கு தலைமுறை நட்டுப் பார்த்த பிறகே முடிவு சொல்வது இதனால்தான். செவ்வாழைத் தோப்பில் திடீரென்று ஒரு மரம் பச்சைத் தார் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மனிதர் யாரும் கதிர் கொடுக்கவில்லை. மாற்றம் தானாக நடந்தது.

திசு வளர்ப்புக் கன்று வாங்கியவர்களுக்கு வேறொரு அனுபவம் இருக்கும். ஆயிரம் கன்றில் சில குட்டையாக நின்றுவிடும், சிலவற்றின் இலை தடித்துக் கோணலாக இருக்கும். கண்ணாடிக் குழாயில் அளவுக்கு மீறிப் பிரித்துப் பிரித்து வளர்த்தால் இந்தக் கோளாறு கூடும். அதனால்தான் எட்டுச் சுற்றுக்கு மேல் பிரிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். தரமில்லாத கன்றைக் கொடுத்தவரிடம் நியாயம் கேளுங்கள், மாற்றுக் கன்று வாங்குங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் தைவானில் நடந்ததையும் கேளுங்கள். கேவண்டிஷ் வாழையை அழிக்கிற புதிய வாடல் நோய் அங்கே 1960களிலேயே தெரிந்தது. இப்போது பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் தலைகாட்டுகிற அதே நோய். பிங்டுங்கில் இருக்கிற வாழை ஆராய்ச்சி நிலையத்தார் பல்லாயிரம் திசு வளர்ப்புக் கன்றுகளை நோய் பிடித்த மண்ணிலேயே நட்டார்கள். எல்லாம் வாடிய இடத்தில் வாடாமல் நின்ற சிலவற்றை எடுத்துப் பெருக்கினார்கள். அவற்றிலும் குறை இருந்தது, மறுபடி பொறுக்கினார்கள். ‘ஃபார்மோசானா’ என்ற ரகம் அப்படி வந்தது. முழு எதிர்ப்பு இல்லை என்றாலும் நோய் மண்ணில் குலை வெட்ட முடிகிறது. கம்பெனி எதைக் கழிவு என்று ஒதுக்குமோ அந்தக் கூட்டத்திலிருந்துதான் அது கிடைத்தது.

மரபணுவை நேராக வைக்கும் வழியும் வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் டேல் குழுவினர் காட்டு வாழையின் ஒரு மரபணுவைக் கேவண்டிஷில் சேர்த்து, வாடல் நோயைத் தாங்கும் வாழையை உருவாக்கினார்கள். 2024இல் அந்த நாட்டு அரசு அனுமதி கொடுத்தது. எனக்கு அதில் பகை இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்த மரபணு ஆய்வகத்தில் செய்ததல்ல, காட்டில் நின்ற ஒரு வாழையிலிருந்து எடுத்தது. மரவள்ளித் தேமல் நோய்க்கு எதிர்ப்பும் காட்டு உறவிலிருந்துதான் வந்தது. 1930களில் தான்சானியாவின் அமானியில், மரவள்ளிக்கு உறவான ஒரு ரப்பர் மரத்தோடு மரவள்ளியைக் கலந்தார்கள். அந்த வம்சம் பின்னர் நைஜீரியாவில் மெருகேறியது. தேமலைத் தாங்கும் ‘ஸ்ரீ பத்மநாபா’ நமக்கு நைஜீரியாவிலிருந்து வந்த ரகம்தான். எந்த வழியாக இருந்தாலும் முதலில் எங்கோ ஒரு மாறுபட்ட செடி வெட்டப்படாமல் நின்றிருக்க வேண்டும்.

இப்போது உங்களிடம் வருகிறேன்.

ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எத்தனை வாழை நிற்க முடியும்? சில ஆயிரம். தமிழ்நாட்டுத் தோட்டங்களில் நிற்பவை பல கோடி. தானாக நடக்கிற மாற்றம் மிக அரிது. லட்சத்தில் ஒன்று, பத்து லட்சத்தில் ஒன்று என்கிற கணக்கு. அப்படியானால் அது நடக்க வாய்ப்புள்ள இடம் எது? உங்கள் தோட்டம். பூவன் தோப்புகளில் எப்போதோ தலைகாட்டும் மொட்டைப் பூவன் அப்படி வந்தது. குட்டைக் கேவண்டிஷ், நெட்டைக் கேவண்டிஷ், கிராண்ட் நைன் எல்லாம் ஒரே மூலத்திலிருந்து பிரிந்த மாற்றங்கள். ஜமைக்காவில் கிராஸ் மிஷேல் வாழைத் தோட்டத்தில் குட்டையாக ஒரு மரம் நின்றது. ‘ஹைகேட்’ என்று பெயரிட்டுப் பெருக்கினார்கள், ஹோண்டுராஸ் கலப்பு வேலைக்கு அது தாயாகப் பயன்பட்டது. அதைக் கலவன் என்று யாராவது வெட்டியிருந்தால்?

கயானா நாட்டில் மகுஷி என்ற பழங்குடியினர் மரவள்ளியைக் குச்சி நட்டுத்தான் வளர்க்கிறார்கள். ஆனால் காட்டைச் சுட்டுத் திருத்தும்போது, மண்ணில் கிடந்த பழைய விதையிலிருந்து தானாக முளைக்கும் மரவள்ளி நாற்றுகளைக் களையெடுக்கும்போது விட்டுவைக்கிறார்கள். அவற்றில் திடமாக வளர்ந்ததன் கிழங்கைப் பார்க்கிறார்கள். பிடித்திருந்தால் அடுத்த முறை அதன் குச்சியும் மற்றவற்றோடு சேர்கிறது. ஆய்வாளர்கள் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இனப்பெருக்க விஞ்ஞானி ஆய்வு நிலையத்தில் செய்கிற வேலையை அந்த மக்கள் தங்கள் களைக்கொத்தால் செய்கிறார்கள். நம் மரவள்ளிக் காட்டிலும் காய் வெடித்து நாற்று முளைப்பது உண்டு. அதைக் களை என்று கொத்திவிடுகிறோம்.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் நோயை ஒதுக்குங்கள். மாறி நிற்பதெல்லாம் புது ரகம் அல்ல. குருத்திலைகள் குறுகிக் கொத்தாக நின்று, இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடு தெரிந்தால் அது முடிக்கொத்து நோய். அன்றைக்கே அடியோடு அழியுங்கள், அசுவினி அதைப் பக்கத்து மரத்துக்குக் கொண்டுபோகும். மரவள்ளி இலை மஞ்சளும் பச்சையுமாகச் சுருங்கினால் தேமல். அதிலிருந்து குச்சி எடுக்கவே கூடாது. வாய்க்கால் ஓரத்து மரமும் எருக்குழிப் பக்கத்துச் செடியும் பெருத்து நிற்பது தண்ணீரும் உரமும் செய்கிற வேலை. அதில் ஏமாற வேண்டாம்.

இவை எதுவும் இல்லாமல், நடுத் தோட்டத்தில், மற்றவற்றோடு ஒரே தண்ணீர் குடித்து, ஒன்று மட்டும் மாறி நின்றால் அதற்கு ஒரு துணி கட்டுங்கள். எல்லாம் வாடிய வரிசையில் வாடாமல் நிற்பது, காற்றில் எல்லாம் சாய்ந்தபோது குட்டையாக நின்று தப்பியது, ஒரு மாதம் முன்னால் குலை தள்ளியது, விரலி தடித்துச் சிவந்து வந்த மஞ்சள் தூர், செவ்வழுகல் பிடித்த வயலில் சுத்தமாக நிற்கிற கரும்புத் தூர், எதுவாக இருந்தாலும் சரி. அதன் கன்றையோ கரணையையோ தனியாக ஒரு மூலையில் நடுங்கள். வாழையானால் எந்தக் கன்று மரத்தின் எந்தப் பக்கத்தில் வந்தது என்று குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வையுங்கள். கைமீரா என்றால் ஒரு பக்கம் மட்டுமே புதுசாக இருக்கும். பக்கத்தில் பழைய ரகத்தையும் நாலு வையுங்கள், ஒப்பிட வேண்டும். இரண்டாவது, மூன்றாவது பயிரிலும் அதே குணம் வந்தால் மாற்றம் நிலைத்துவிட்டது என்று நம்பலாம். இதற்கு உங்களுக்குச் செலவு ஒரு சென்ட் நிலத்துக்கும் குறைவு.

அப்புறம் யாரிடமாவது சொல்லுங்கள். வாழைக்குத் திருச்சி போதாவூர் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது; கரும்புக்குக் கோயம்புத்தூரும் கடலூரும், மரவள்ளிக்கு ஏத்தாப்பூர், மஞ்சளுக்குப் பவானிசாகர். தூரமென்றால் மாவட்ட வேளாண் அறிவியல் மையத்தில் சொல்லுங்கள். அங்கே இருக்கிறவர்களுக்கும் இந்த மடலில் ஒரு வரி: உழவர் ஒருவர் மாறுபட்ட செடி என்று கையில் கொண்டுவந்தால், பத்தில் ஒன்பது முறை அது நோயாகவோ உரக்குறையாகவோ இருக்கும் என்று எனக்கும் தெரியும். பத்தாவது செடிக்காக முதல் ஒன்பதையும் பொறுமையாகப் பாருங்கள்.

கண்டுபிடித்தது உங்கள் பெயரில் இருக்குமா என்று கேட்பீர்கள். 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உழவர் கண்டெடுத்துப் பெருக்கிய ரகத்தை உழவர் பெயரிலேயே பதிவு செய்யலாம். பதிவுக் கட்டணம் கிடையாது. மற்ற ரகங்களிலிருந்து அது தெளிவாக வேறுபட வேண்டும், எல்லாச் செடியும் ஒன்றுபோல இருக்க வேண்டும், குணம் தலைமுறைக்குத் தலைமுறை மாறாமல் நிற்க வேண்டும். பின்னிரண்டும் உங்கள் பயிருக்கு எளிது. எந்த மரத்தில் எந்த ஆண்டு கண்டீர்கள், எந்தக் கன்றிலிருந்து பெருக்கினீர்கள் என்ற குறிப்பும், தாரோடும் இலையோடும் எடுத்த படங்களும் கையில் இருந்தால் விண்ணப்பம் பாதி முடிந்த மாதிரி. கைப்பேசியில் படம் எடுக்கும்போது பக்கத்தில் பழைய ரகத்தின் மரமும் தெரியும்படி எடுங்கள். கன்றை நாலு பேருக்குக் கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். கொடுத்த பிறகு யார் தோட்டத்தில் முதலில் வந்தது என்று காட்டுவது கடினம்.

அன்புடன்,
பயிர் இனப்பெருக்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவன்